கூப்பிடக் கூப்பிட ஓடிய நாய்

சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கையில் சங்கிலி இருந்தது. சங்கிலியின் முனையில் கழுத்துப்பட்டை இருந்தது. நாய் இல்லை.

வருடாவருடம் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசிக்காக அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஊசி போட்டு முடித்து வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது, பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு லாரியின் டயர் வெடித்தது. எனக்கே காது அடைத்துப் போயிற்று. நாய் முன்னங்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தது. பட்டை காதுகளைத் தாண்டிக் கழன்று வந்துவிட்டது. அடுத்த கணம் நான் பார்த்தது அதன் முதுகை மட்டும்தான். வாலை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு, இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, நெடுஞ்சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டது. அடிபடாமல் எப்படிக் கடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வாடா, வாடா" என்று கத்திக்கொண்டே பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினேன். அங்கே கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். ஒரு செவலை நாய் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்பதில் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். மாந்தோப்பு, பெட்ரோல் பங்க், புதிதாகக் கம்பி வேலி போட்டிருந்த காலி நிலங்கள் என்று பொழுது சாயும்வரை சுற்றினேன். செருப்பு அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டு பாய் லோடு ஆட்டோ ஓட்டுபவர். ஃபோன் செய்ததும் வண்டியோடு வந்தார். அவரும் என்னோடு தேடினார். இருட்டத் தொடங்கியதும், வீட்டில் உங்கள் வீட்டுக்காரர் தனியாக இருப்பார், போகலாம் என்றார்.

வீட்டுக்குப் போவதற்குத்தான் நான் பயந்தேன்.

என் கணவர் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓயாமல் பேசுகிற மனுஷன். பஸ்ஸில் வரும் பெண்களிடம் தமிழ், ஷிப்ட் மாறி ஏறும் ஆட்களிடம் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம் என்று எதிலும் வாய் மூடாதவர். முந்தைய வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுதாகப் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல வாயைத் திறந்தால் "தா, தா" என்ற சத்தம் மட்டும் வரும். ஆரம்பத்தில் முயன்று பார்த்தார். நான் பக்கத்தில் நின்று "தண்ணியா? தலகாணியா? ஃபேனா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒன்றும் பொருந்தாது. கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சில மாதங்களில் முயல்வதையே விட்டுவிட்டார்.

அந்த நாயைக் குட்டியாக இருக்கும்போது போச்சம்பள்ளியிலிருந்து சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தவர் அவர்தான். நாட்டு நாய். பெயரெல்லாம் வைக்கவில்லை, "டேய்" என்றால் வரும். அவர் படுத்த பிறகு அது கட்டிலை விட்டு நகரவில்லை. அவருடைய இடது கை கட்டிலிலிருந்து கீழே தொங்கும். ஒரு விரலை அசைத்தால் போதும், அது எழுந்து தலையை அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கும். அவர் கோபத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும்போது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். அவருக்குச் சிறுநீர் முட்டினால் அடுப்படி வாசலில் வந்து நின்று ஒரு முன்னங்காலைத் தூக்கி என்னைப் பார்க்கும். நான் கட்டிலைப் பார்க்கப் போகும்வரை அந்தக் காலைக் கீழே வைக்காது. பேச்சு இல்லாத அந்த வீட்டில் அவர் என்ன நினைக்கிறார் என்பதை நான் அந்த நாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

அன்று உள்ளே நுழைந்ததும் அவர் கண் முதலில் என் காலடிக்குப் போனது. பிறகு கதவுக்குப் போனது. பிறகு என் கையிலிருந்த பட்டைக்கு வந்தது. என்ன நடந்தது என்று சொன்னேன். நாளைக்குக் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன். மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாயைத் திறக்கவில்லை. களியைச் சின்ன உருண்டையாகக் கிள்ளி உதட்டில் வைத்தேன், துப்பினார். ரத்த அழுத்த மாத்திரையைத் தேனில் குழைத்து வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். பாயின் மனைவி வந்து, "அண்ணே, உங்களுக்காவ வேணாம், இந்தப் பொண்ணு மூஞ்சிக்காவ முழுங்குங்க" என்றதும் மாத்திரையை மட்டும் விழுங்கினார். சாப்பாடு கிடையாது.

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இருக்கிறேன். நாய் தொலைந்துவிட்டது என்று சொல்லி லீவு கேட்டேன். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவருக்கு உடம்பு மோசம் என்று திருத்திச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

ஃபோனில் இருந்த படத்தை எல்லா வாட்ஸ்அப் குரூப்களிலும் போட்டேன். அழைப்புகள் வந்தபடி இருந்தன. அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி வாசலில் செவலை நாய் ஒன்று நிற்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் அது பெட்டை நாய், மடி தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில் ஒன்றின் ஓரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் வளர்க்கும் நாய் அது. என் கையை நக்கிவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு லாரி டிரைவர் பேசினார். நெடுஞ்சாலை ஓரம் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கிறது, நிறம் அதேதான், யாரோ சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்றார்.

பாய் வண்டியில் போனோம். அவர் இறங்கி, நான் பார்க்கிறேன் நீங்கள் இருங்கள் என்றார். என்னால் இருக்க முடியவில்லை. சாக்கின் ஒரு முனையை நானே தூக்கினேன். ஈக்கள் எழுந்தன. காது மடிந்திருந்தது. எங்கள் நாயின் இடது காது நுனியில் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். அதைத் தேடி விரலால் தடவிப் பார்த்தேன். பிளவு இல்லை. எங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பாய் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அந்த நாயை ஓரமாக இழுத்துப்போட்டு மேலே மண்ணைத் தள்ளினார்.

வீட்டில் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய் இறங்கினால் பெரிது. உள்ளூர் டாக்டர் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அதை அவர் காதுபடவே சொன்னார். என் கணவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கிரானைட் பட்டறையின் வாட்ச்மேன் ஃபோனில் பேசினார். கன்னடக்காரர், பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுவார். பட்டறைக்குப் பின்னால் உடைந்த கற்பலகைகளைக் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் ஒரு நாய் ஒளிந்திருக்கிறது, ஆளைக் கண்டால் ஓடுகிறது, காதில் பிளவு இருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிவிட்டேன்.

பட்டறை நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. கல் அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. பின்பக்கம் கல்லறுத்த வெள்ளைச் சேறு குட்டையாகத் தேங்கிக் கிடந்தது, அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம் புதர். சாய்த்து வைத்திருந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே அது படுத்திருந்தது. உடம்பெல்லாம் கல்தூசி அப்பிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அந்தக் காதை மட்டும் வைத்து அடையாளம் கண்டேன்.

"டேய்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அது எழுந்தது. காதுகள் பின்னால் ஒட்டிப் போயின. ஒரு முன்னங்காலைத் தூக்கி அப்படியே உறைந்து நின்றது. நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கியது. தலையை அந்தப் பக்கம் திருப்பியது, ஆனால் கண் மட்டும் என்மேல் இருந்தது. கண்ணோரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிந்தது. என்னைக் கண்டுகொண்டது என்று நினைத்தேன். அடுப்படி வாசலில் தூக்கிக் காட்டும் அதே கால்தான் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினேன்.

அது ஓடியது. என்னைப் பார்த்து, என் குரலைக் கேட்டு, என்னைவிட்டு ஓடியது. நான் "வாடா வாடா" என்று கத்தக் கத்த வேகம் கூடியது. வேலிக்கு அடியில் நுழைந்து நேராக நெடுஞ்சாலைக்குப் போனது. ஹாரன் சத்தமும் பிரேக் பிடித்துத் தேயும் சத்தமும் கேட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு கார் குறுக்காக நின்றிருந்தது, டிரைவர் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். நாய் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்குள் பதுங்கியிருந்தது. நான் பின்வாங்கிய பிறகு வெகுநேரம் கழித்துத் திரும்பிக் கடந்து புதருக்குள் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

ஒரு கற்பலகைமேல் உட்கார்ந்தேன். என் வீட்டில் என் கையால் சோறு தின்ற ஜீவன். அதற்கு நான் யாராகத் தெரிந்தேன்? எனக்கு அழுகைகூட வரவில்லை. ஊசி போட்ட கால்நடை டாக்டரம்மாவின் நம்பர் இருந்தது. அவரிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அது என்னை மறந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"மறக்கலம்மா" என்றார். "பயந்து கெடக்கற நாய்க்கு மொதல்ல உடம்புதான் தெரியும், அப்புறந்தான் ஆளு. நேருக்கு நேரா கைய நீட்டிக்கினு ஓடியாந்தா, அது நீங்களா இருந்தாலும் புலியா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்."

நாய் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். மூக்கை நக்கியது, தலையைத் திருப்பியது, கண்ணில் வெள்ளை தெரிந்தது எல்லாம், பயமாக இருக்கிறது, பக்கத்தில் வராதே என்று என்னிடம் கெஞ்சியதாம். உறைந்து நின்றது அடுத்து ஓடப்போகிறேன் என்பதற்கு அடையாளமாம். தூக்கிய காலைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் அது கூப்பிடுவதாக இருக்கலாம், அங்கே என்ன செய்வதென்று தெரியாத தவிப்பு, ஒரு காலை மட்டும் பார்க்காதீர்கள், முழு உடம்பையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். மருத்துவமனையில் ஊசிக்காகக் காத்திருந்தபோது அது திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டது என் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று அதன் தலையைத் தட்டியிருந்தேன். அதுவும் பயம்தான் என்றார் டாக்டரம்மா. வெடிச் சத்தத்துக்கு முன்பே அது பயத்தால் நிரம்பிப் போயிருந்திருக்கிறது.

கூப்பிடாதீர்கள், துரத்தாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், அது வந்தாலும் நகராதீர்கள் என்றார்.

நான் உட்கார்ந்தேன். காலையில் போய் உட்கார்ந்தேன், சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். கோழி ஈரலை வேகவைத்துக் கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டு, முதுகை அரைவாசி காட்டி, வெள்ளைச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது புதரிலிருந்து வெளியே வரும். ஓரக்கண்ணில் அதன் நிழல் தெரியும். கிண்ணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். அப்போது என் தோள் இறுகும். மூச்சு தானாக நிற்கும். வந்துவிடு, வந்துவிடு என்று உடம்பு முழுக்க இழுக்கும். நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன், ஆனால் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். திரும்பிப் போய்விடும். நான் கிளம்பிய பிறகுதான் ஈரலைத் தின்னும். அது வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு மிக அதிகம். அதை மறைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். பின்பக்கத்துக் கற்களையெல்லாம் அள்ளுவதற்கு அடுத்த வாரம் பொக்லைன் வருகிறதாம். அந்தச் சத்தத்தில் நாய் எங்கே ஓடும் என்று சொல்ல முடியாது என்றார். எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். வேலிக்கு அடியில் இருந்த அந்த வழி நேராக நெடுஞ்சாலைக்குத்தான் போனது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முதுகெலும்பு பனியனுக்கு மேல் முட்டிக்கொண்டிருந்தது. தினமும் நடந்ததை அந்த முதுகிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, நான் உட்காருவது, அது வந்து திரும்பிப் போவது, பொக்லைன் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னால முடியலங்க" என்றேன். "பேசாம இருன்றாங்க, அசையாம இருன்றாங்க. நானும் அப்படித்தான் இருக்கேன். ஆனா எனுக்கு வரமாட்டேங்குது."

அவர் திரும்பினார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து உடம்பைப் புரட்டி என் பக்கம் பார்த்தார். அந்தக் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு கதவைக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது, ஆனால் வேண்டாம் என்றேன். சோறு இறங்காத உடம்பு, வெயில், கரடுமுரடான பாதை, விழுந்தால் யார் தூக்குவது என்றேன். அவர் கட்டில் சட்டத்தைத் தட்டினார். மறுபடி நெஞ்சைக் காட்டினார், கதவைக் காட்டினார். அவ்வளவு நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது.

வார விடுமுறை நாளன்று பட்டறையில் மிஷின் ஓடாது. மதியத்துக்குப் பிறகு பாய் லோடு ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் மெத்தையைப் போட்டு, அதன்மேல் சாக்குகளை விரித்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றினோம். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் உடுப்பை மாற்றிக் கழுவ வேண்டியவர் பாய். அதனால் நாய் திரும்பி வந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். "கழுவிக்கினா ஆச்சிம்மா. மொதல்ல அது வரட்டும்" என்றார்.

கற்பலகைகளுக்கு முன்னால், சேற்றுக் குட்டைக்கு இந்தப் பக்கம், நாற்காலியை வைத்து அவரை உட்காரவைத்தோம். அவர் உடம்பு எப்போதும் போல வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. தலை தொங்கியது. கண் தரையைப் பார்த்தது. இடது கை நாற்காலிக்கு வெளியே தளர்ந்து தொங்கியது. சுருக்குப் போட்ட கயிற்றை அவர் மடியில் வைத்தேன். கிண்ணத்தைக் காலடியில் வைத்தேன். பிறகு நானும் பாயும் வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் போய் நின்றோம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். போய்த் தூக்கி உட்காரவைக்கப் புறப்பட்டேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

புதரிலிருந்து அது வெளியே வந்தது. உடம்பு தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது, வால் காலிடுக்கில் இருந்தது. நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றது. தலையைத் திருப்பிக்கொண்டது. தரையை மோந்தது. அங்கே மோப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. உட்கார்ந்து காதைச் சொறிந்தது. ஒரு கொட்டாவி விட்டது. அவர் அசையவில்லை. அவரால் கூப்பிட முடியாது. எழுந்து ஓடி வர முடியாது. கையை நீட்டிக்கொண்டு முன்னால் குனிய முடியாது. டாக்டரம்மா என்னிடம் சொல்லி நான் திணறிய அத்தனையும், வியாதி வந்த நாளிலிருந்து அவர் உடம்பில் இருந்தது.

நாய் நேராக வரவில்லை. பெரிய வட்டமாகச் சுற்றியது. காற்று அவர் பக்கமிருந்து அடித்த இடத்துக்கு வந்ததும் மூக்கைத் தூக்கியது. அங்கேயே நின்றுவிட்டது. காதுகள் மெல்ல முன்னால் வந்தன. வால் காலிடுக்கிலிருந்து கொஞ்சம் தளர்ந்து வெளியே வந்தது. இரண்டு அடி வந்தது, பின்வாங்கியது. மறுபடி வந்தது. கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்களை ஓடுவதற்குத் தயாராகப் பின்னாலேயே விட்டு, தொங்கிக்கொண்டிருந்த அவர் விரல்களை மோந்தது.

அவர் ஒரு விரலை அசைத்தார்.

ஓடிவிடும் என்று நினைத்தேன். அதன் இடுப்பு ஆடத் தொடங்கியது. முதலில் வால் நுனி ஆடியது, பிறகு வால் முழுதும் ஆடியது, பிறகு முதுகு, தோள், உடம்பு மொத்தமும் பாம்பு போல வளைந்து வளைந்து ஆடியது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தலையைக் கொண்டுபோய் அந்தக் கைக்கு அடியில் நுழைத்தது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன்.

ஆனால் கயிறு இன்னும் மடியில்தான் இருந்தது. ஒற்றைக் கையால் அதை எடுத்து, சுருக்கை விரித்து, அதன் தலைவழியாக மாட்ட வேண்டும். அது மிரண்டு இழுத்தால் அவரும் நாற்காலியோடு சரிவார். அவர் அவசரப்படவில்லை. நெடுநேரம் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தார். கயிற்றை எடுத்தார், நழுவியது, மறுபடி எடுத்தார். கயிறு காதில் பட்டதும் நாய் விறைத்தது. அவர் அப்படியே நிறுத்திவிட்டார். அது மூக்கை நக்கியது, பிறகு மூச்சை விட்டுத் தளர்ந்தது. சுருக்கு கழுத்துக்கு இறங்கியது. அவர் கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். பிறகுதான் எங்களைத் தேடித் தலையைத் தூக்கினார்.

நாங்கள் மெதுவாகப் போய் நாற்காலியோடு அவரை வண்டியில் ஏற்றியபோது, அதுவும் அவரோடு ஏறிக்கொண்டது. வண்டியில் வரும்போது அது அவர் பாதங்களின்மேல் படுத்துக்கொண்டது. நான் ஓரமாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாயின் உள்ளங்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கஞ்சியைக் கரைத்து எடுத்துப் போனேன். அவர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கித் தானே குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு மீதியையும் குடித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சு வரவில்லை. இனி வருவது கடினம் என்று ஓசூர் டாக்டரும் சொல்லிவிட்டார். நாயின் உடம்பு தேறியது, ஆனால் என்னிடம் வரவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அங்கிருந்து கண்ணின் வெள்ளை மட்டும் தெரியும். சோற்றை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போன பிறகுதான் தின்னும். பட்டறையில் அதை நோக்கிப் பாய்ந்து ஓடியவள் நான்தானே. அதற்கு அது ஞாபகம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்ததை எத்தனையோ தடவை விழுங்கியிருக்கிறேன்.

அவரிடமும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். கட்டிலுக்கு எதிரில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பதை விட்டு, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன், கீரை ஆய்வேன். அவருக்கு வேண்டுமென்றால் கையை நீட்டி என் தோளைத் தொடுவார். பிறகு கண்ணால் காட்டுவார். எல்லா நாளும் அது பலிக்காது. சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கிறார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பின்னால் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நான் திரும்பவில்லை. அரிவதையும் நிறுத்தவில்லை. ஈரமான மூக்கு என் முழங்கையில் பட்டு விலகியது. கொஞ்ச நேரம் கழித்து அது என் முதுகில் சாய்ந்து படுத்தது. அதன் மூச்சு என் முதுகு வழியாக ஏறி இறங்குவது தெரிந்தது. அவரைக்காய் முழுதும் அரிந்து முடித்த பிறகும் நான் எழவில்லை.

இப்போதும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அறை வாசலில் நிற்கிறேன். கட்டிலில் அவர் வயிறும், கீழே அதன் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, கேட்டின் கொண்டியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.